புது ஸ்டேஷன், தானாக மூடும் கதவு, தினமும் தாமதம்: கோளாறு எங்கே?

கணியாகுளத்தான்:

இது நம்ம குமரி மாவட்டத்து ரயில் இல்லை. நான் வேலை பார்க்கிற வளைகுடா ஊரின் மெட்ரோ பற்றியது. நம்ம மன்றத்தில் ரயில் விஷயம் தெரிந்த ஆட்கள் நிறைய இருப்பதால் கேட்கிறேன், மட்டுறுத்துனர் அடிக்க வரவேண்டாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாதையில் நடுவில் ஒரு புது ஸ்டேஷன் திறந்திருக்கிறார்கள். பிளாட்பாரம் ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதில் கதவுகள். ரயில் வந்து நின்றதும் ரயில் கதவும் கண்ணாடிக் கதவும் சேர்ந்து திறக்கும். மற்ற ஸ்டேஷன்களிலும் இதே அமைப்புதான், அங்கே ஒரு குழப்பமும் கிடையாது. புதுசில் மட்டும் ரயில் வந்து நிற்கும், கதவு திறக்காது, பைய ஒரு அடி முன்னால் நகரும், நிற்கும், அப்புறம்தான் திறக்கும். மூடும்போது டிங் டிங் என்று சத்தம் வரும், மூடும், உடனே திறக்கும், திரும்ப மூடும். சில நாள் எல்லாக் கதவும் நன்றாக மூடிய பிறகும் அரை நிமிஷத்துக்கு மேல் சும்மா நிற்கிறது, உள்ளே எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். டிரைவர் இல்லாத வண்டி, யாரிடம் கேட்பது?

சூப்பர்வைசரிடம் "கதவு மூடவில்லை, அதனால் பிந்திவிட்டது" என்று சொன்னால் சிரிக்கிறான். இது கதவுக் கோளாறா, இல்லை புது ஸ்டேஷனைச் சரியாகக் கட்டவில்லையா?


ஆரல்வாய்க் காற்று:

இதற்குத்தான் நம்ம பாசஞ்சர் மேல் என்கிறது. கதவே மூடாது, அதனால் கதவால் தாமதமும் கிடையாது. வேறு ஆயிரம் காரணத்துக்குத்தான் நிற்கும் 😀


கதவுக்காரன் தக்கலை:

நான் ஒரு மெட்ரோவில் கதவுப் பராமரிப்புப் பிரிவில்தான் இருக்கிறேன், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது ஒரே கோளாறு இல்லை, தனித்தனியான மூன்று சங்கதி ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் அந்த "ஒரு அடி நகர்வது". கண்ணாடிச் சுவர் இருக்கும் ஸ்டேஷனில் ரயில் தன் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. ரயில் கதவும் சுவர்க் கதவும் நேருக்கு நேர் வரவேண்டும். இதற்காகவே சுவர்க் கதவைக் கொஞ்சம் அகலமாக வைத்திருப்பார்கள், முன்னே பின்னே சுமார் ஒரு சாண், ஒன்றரைச் சாண் பிசகினாலும் பரவாயில்லை என்று. அதற்கு மேல் பிசகினால் திறக்கும் உத்தரவே போகாது, அப்போது வண்டி ஊர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதைத்தான் பார்க்கிறீர்கள். வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது சக்கரம் சுற்றிய கணக்கில் தெரியும், அந்தக் கணக்கைத் தண்டவாளத்தின் நடுவில் பதித்திருக்கும் அடையாளப் பெட்டிகள் வழியில் சரிபார்த்துக்கொண்டே வரும். சக்கரம் தேயத் தேய அதன் சுற்றளவு மாறும், புது வண்டியும் பழைய வண்டியும் ஒரே இடத்தில் நிற்காது. பழைய ஸ்டேஷன்களில் பிரேக்கை எங்கே, எவ்வளவு பிடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருப்பார்கள். புது ஸ்டேஷனில் சரிவு வேறு, வளைவு வேறு. காலி வண்டியை ஓட்டிச் சோதித்திருப்பார்கள்தான், ஆனால் நெருக்கியடித்து ஆள் ஏறிய வண்டியின் எடையில் பிரேக் பிடிப்பது இன்னொரு கதை.

இரண்டாவது, மூடித் திறப்பது. கதவின் ரப்பர் ஓரத்தில் ஏதாவது தடுத்தால் மோட்டாருக்குக் கூடுதல் கரண்ட் தேவைப்படும், அதை வைத்துக் கதவுக்குத் தெரிந்துவிடும், உடனே திறந்து மறுபடி முயலும். சில தடவைக்குப் பிறகும் மூட முடியவில்லை என்றால் அப்படியே நின்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். தடுப்பது ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. போன வாரம் ஒரு கதவு இப்படியே அடம்பிடித்தது, மோட்டாரைப் பார்த்தோம், பெல்ட்டைப் பார்த்தோம், மேலே இருக்கிற உருளைகளைப் பார்த்தோம், எல்லாம் சுத்தம். கடைசியில் குனிந்து டார்ச் அடித்தால் வாசல் தகட்டின் பள்ளத்தில் ஒரு பேரீச்சங்கொட்டை, அதைச் சுற்றி ஜூஸும் மணலும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிப்போயிருக்கிறது. ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்த அடுத்த நிமிஷம் கதவு பட்டுப் போல மூடியது. ரிப்போர்ட்டில் "கதவுப் பழுது" என்றுதான் எழுதினார்கள்.

மூன்றாவதுதான் சிக்கல், அது அப்புறம் எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிறது.


சீசன் டிக்கெட் குழித்துறை:

பேரீச்சங்கொட்டைக்கே இந்தப் பாடு என்றால் நம்ம ஊர் வண்டியில் தானியங்கிக் கதவு வந்தால் அந்தப் பள்ளத்தில் என்னவெல்லாம் கிடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேர்க்கடலைத் தோல், மரச்சீனி வற்றல், பூக்காரம்மா நறுக்கிப் போட்ட காம்பு.


கோட்டாறு சிக்னல் பெரியவர்:

தக்கலைத் தம்பி ஷிப்டு முடிந்து வருமுன் அந்த மூன்றாவதை நான் சொல்லிவிடுகிறேன், சிக்னலில்தான் என் சர்வீஸ் முழுவதும் போனது, மெட்ரோ இல்லை, பெரிய ரயில். தத்துவம் ஒன்றுதான்.

கதவு மூடுவது வேறு, மூடிவிட்டது என்று நிரூபிப்பது வேறு. நம்ம டவுன் பஸ்ஸில் கண்டக்டர் படிக்கட்டைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தால்தானே டிரைவர் கியரைப் போடுவார், அந்த விசில்தான் இங்கே மின்கம்பியாக ஓடுகிறது. ஒவ்வொரு கதவிலும் மூடியதற்கு ஒரு சுவிட்ச், பூட்டியதற்கு ஒரு சுவிட்ச், எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோர்த்திருக்கும். ஒரு சுவிட்ச் ஒரு நூலளவு சேராவிட்டாலும் சங்கிலி அறுந்ததாகத்தான் கணக்கு, வண்டிக்கு இழுவிசை கிடைக்காது. கண்ணாடிச் சுவர் உள்ள ஸ்டேஷனில் இதே போல இன்னொரு சங்கிலி சுவர்க் கதவுகளுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்து "சரி" என்று சொன்னால்தான் சிக்னல் விடும். ஆக, உங்கள் கண்ணுக்கு எல்லாம் மூடியிருக்கிறது, ஆனால் எங்கேயோ சில பெட்டி தள்ளி ஒரு சுவர்க் கதவின் சுவிட்ச் சேரவில்லை. புதுக் கட்டிடம் என்றால் தரை கொஞ்சம் இறங்கும், சட்டம் கொஞ்சம் சாயும், சுவிட்ச் தள்ளிப்போகும். திறந்து கொஞ்ச காலம் இப்படித்தான் இருக்கும்.

ஒரு கதவு மட்டும் திரும்பத் திரும்பப் படுத்தினால் ஊழியர் வந்து சாவி போட்டு அதைச் சங்கிலியிலிருந்து விலக்கிப் பூட்டிவிடுவார், "இந்தக் கதவு இயங்காது" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார், வண்டி கிளம்பும். டிரைவர் இல்லாத வண்டியில் அந்த ஊழியர் ஓடிவரும் நேரமும் தாமதத்தில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. சும்மா நிற்பது கதவாலேயே இல்லாமலும் இருக்கலாம், முன்னால் போன வண்டி அடுத்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருக்காது, இடம் கிடைக்காமல் உங்கள் வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள். வெளியே நிறுத்துவதை விட ஸ்டேஷனிலேயே நிறுத்துவது நல்லது. உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.


ஆரல்வாய்க் காற்று:

அண்ணாச்சி, ஒரு கதவுக்காக ஒரு வண்டி இருபது நொடி பிந்தினால் என்ன ஆகிவிடும்? எங்க ஊரில் இருபது நிமிஷம் பிந்தினால்தான் யாராவது வாட்ச்சைப் பார்ப்பார்கள்.


கோட்டாறு சிக்னல் பெரியவர்:

நம்ம பாதையில் ஒன்றும் ஆகாது மக்கா. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஓடும் பாதையில் ஆகும். முன் வண்டி இருபது நொடி பிந்தினால் அடுத்த ஸ்டேஷனில் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் அந்த இருபது நொடி அளவுக்குக் கூடியிருக்கும். கூட்டம் கூடினால் ஏற இறங்க நேரம் கூடும், வண்டி இன்னும் பிந்தும், அதற்கடுத்த ஸ்டேஷனில் கூட்டம் இன்னும் கூடும். பின்னால் வரும் வண்டிக்கோ ஆளே இருக்காது, அது சீக்கிரம் சீக்கிரமாக வந்து முன் வண்டியின் முதுகில் இடிக்கிற மாதிரி நிற்கும். வடசேரியில் ஒரே நம்பர் பஸ் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குத்தான்.


மேரிலாண்ட் மணவாளக்குறிச்சி:

கணியாகுளம் அண்ணே, நீங்கள் கதவைத் தானியங்கி என்று திட்டுகிறீர்கள், நான் இருக்கும் வாஷிங்டன் பக்கம் அது இல்லாமல் பட்ட பாட்டைக் கேளுங்கள். இங்கே மெட்ரோவில் கதவுகள் ஸ்டேஷன் வந்ததும் தானாகவே திறந்துகொண்டிருந்தன. திறக்கக்கூடாத இடத்தில் திறந்த சம்பவங்கள் வந்ததால் 2008-இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2009-இல் நடந்த பெரிய விபத்துக்குப் பிறகு வண்டி தானாக ஓடுவதும் நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓட்டுநர் நிறுத்தி, வண்டி முழுசாக உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சில நொடி பொறுத்து, அப்புறம் பட்டனை அழுத்துவார். உள்ளே இருப்பவர்கள் கதவு முன்னால் அப்படியே நிற்போம். சில நொடிதான், ஆனால் வழியில் இருபது ஸ்டேஷன் இருந்தால் கூட்டிப் பாருங்கள். 2023 டிசம்பரில் ரெட் லைனில் மறுபடி தானாகத் திறக்க விட்டார்கள், 2024-இல் மற்ற பாதைகளுக்கும் வந்தது. வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது.

அப்புறம் புது ஸ்டேஷன் விஷயம். ஓடுகிற பாதையின் நடுவில் ஸ்டேஷன் சேர்த்தால் கதவு தங்கத்தில் செய்திருந்தாலும் நேரம் கூடத்தான் செய்யும். இங்கே போட்டோமாக் யார்டு என்று ஒரு ஸ்டேஷனை 2023 மே மாதம் இப்படித்தான் நடுவில் சேர்த்தார்கள். முன்பு வேகமாகக் கடந்துபோன இடத்தில் இப்போது வேகத்தைக் குறைத்து, நின்று, திறந்து, மூடி, திரும்ப வேகம் எடுக்க வேண்டும். அந்த ஸ்டேஷனில் ஒருத்தர் கூட ஏறாவிட்டாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் போய்விடும். கால அட்டவணையில் அதற்கு இடம் விட்டிருந்தால் தாமதம் இல்லை, பயண நேரம் கூடியது, அவ்வளவுதான். இடம் விடாமல் பழைய அட்டவணையையே ஓட்டினால் தினமும் தாமதம்.


சீசன் டிக்கெட் குழித்துறை:

மணவாளக்குறிச்சித் தம்பி சொன்ன கடைசி வரியை நம்ம மாவட்டத்துக்காரர்கள் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். இரணியலில் நிறுத்து, குழித்துறையில் நிறுத்து, நாகர்கோவில் டவுனில் நிறுத்து, வள்ளியூரில் நிறுத்து என்று மனு கொடுக்கிறோம், அதே வாயால் "வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது" என்றும் கேட்கிறோம். நானும் மனுவில் கையெழுத்துப் போட்டவள்தான், குழித்துறைக்கு நிறுத்தம் வேண்டும் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் தினமும் போகிற சனத்துக்கு பஸ்ஸை விட்டால் இதுதான் கதி. ஆனால் ஒரு நிறுத்தத்துக்கு என்ன விலை என்று தெரிந்து கேட்பது நல்லது.


ஈத்தாமொழி தேங்காய்:

நாகர்கோவில் வந்தே பாரத்திலும் இதே கதவுதானே? 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய அன்று ஜங்ஷனில் கூட்டத்தில் நின்று பார்த்தேன், கதவு முதலில் வெளியே வந்து அப்புறம் பக்கவாட்டில் போகிறது, கீழே படி ஒன்றும் நீண்டு வருகிறது. மெட்ரோ கதவு அப்படி இல்லையே?


கதவுக்காரன் தக்கலை:

ஷிப்டு முடிந்தது. பெரியவர் என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டார்.

ஈத்தாமொழி அண்ணே, சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். அது அடைப்பு மாதிரி வந்து உட்காரும் கதவு. மூடினால் பெட்டியின் சுவரோடு சமமாகி ரப்பர் சுற்றிலும் இறுகிக்கொள்ளும், வேகமாகப் போகும்போது காற்றுச் சத்தமும் தூசியும் உள்ளே வராது. ஆனால் வெளியே வந்து, நகர்ந்து, திரும்ப உள்ளே வந்து என்று வேலை கூடுதல், அதனால் நேரமும் கொஞ்சம் கூடுதல். மெட்ரோவில் ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டேஷன், அங்கே பெரும்பாலும் சும்மா பக்கவாட்டில் ஓடும் கதவே போதும். நீண்ட தூர வண்டிக்கு இதுதான் சரி.

வந்தே பாரத்தில் கதவைத் திறப்பதும் மூடுவதும் ஓட்டுநர் அறையிலிருந்துதான். பிளாட்பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் திறக்கும். வண்டி நின்றால்தான் திறக்கும், எல்லாம் மூடினால்தான் வண்டி நகரும். சிக்கல் எங்கே என்றால், மூடுகிறவர் வண்டியின் ஒரு முனையில் இருக்கிறார், உங்கள் அம்மாச்சி வாசலில் பையோடு நிற்பது பதினாறு பெட்டி தள்ளி.


ஆரல்வாய்க் காற்று:

வழியனுப்ப வருகிறவர்களை விட்டுவிட்டீர்களே. நம்ம ஆட்கள் ஒருத்தரை ரயிலேற்றக் குடும்பத்தோடு வருவார்கள். உள்ளே போய்ச் சீட்டைக் கண்டுபிடித்து, நேந்திரன் சிப்ஸ் பையை மேலே வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "போய்ச் சேர்ந்ததும் போன் போடு" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வண்டி நகர ஆரம்பித்த பிறகு குதித்து இறங்குவதுதான் பரம்பரைப் பழக்கம். 2023 ஜனவரியில் ராஜமுந்திரியில் ஒருவர் வந்தே பாரத்துக்குள் செல்ஃபி எடுக்க ஏறி, கதவு மூடி, விஜயவாடா வரை போனார், வீடியோ எல்லோரும் பார்த்ததுதான். நாகர்கோவிலில் அப்படி மாட்டினால் திருநெல்வேலி போய்த்தான் இறங்க வேண்டும்.

எங்க பெரியப்பாவுக்கு அது நடந்தே விட்டது. எந்த வண்டி, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், மனுஷர் இன்னும் கோபத்தில் இருக்கிறார். பேத்தியை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால் கதவு மூடியாச்சு. கண்ணாடியில் தட்டுகிறார், வெளியே பெரியம்மா தட்டுகிறார், வண்டி போகிறது. வேட்டி சட்டையோடு, செருப்பைக் கூட ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு வந்தவர், அடுத்த ஸ்டேஷன் வரை டி.டி.இ. பக்கத்தில் உட்கார்ந்து போனார். வந்ததும் முதல் கேள்வி, "பிடித்து இழுக்க அங்கே ஒரு கைப்பிடி இருந்ததே, இழுத்திருக்கலாமோ?"


கதவுக்காரன் தக்கலை:

இழுக்காமல் விட்டது நல்லதாயிற்று. அது தீ, புகை போன்ற ஆபத்துக்கு உள்ளது. இழுத்தால் அந்தக் கதவின் பூட்டு விடும், பெரியவர் சொன்ன சங்கிலி அறுபடும், வண்டி நிற்கும், அப்புறம் ஒருவர் நடந்துவந்து பார்த்து, கதவைப் பூட்டி, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்துக் கிளம்ப வேண்டும். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் காத்துக் கிடக்கும். அபாயம் என்றால் பெட்டியில் ஓட்டுநரோடு பேசும் கருவி இருக்கிறது, முதலில் அதைப் பயன்படுத்தலாம்.


மட்டுறுத்துனர்:

இழை வளைகுடாவில் ஆரம்பித்து திருநெல்வேலி வந்துவிட்டது. பரவாயில்லை, தொடருங்கள். ஆனால் குறிப்பிட்ட ஊழியர்களைப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


சீசன் டிக்கெட் குழித்துறை:

சரி, எல்லோரும் தானியங்கிக் கதவைப் புகழ்கிறீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். 2025 ஜூனில் மும்பை மும்ப்ராவில் கூட்ட வண்டியில் தொங்கி வந்தவர்கள் விழுந்து இறந்தார்களே, அதற்கப்புறம் ஏசி இல்லாத புறநகர் வண்டிக்கும் தானியங்கிக் கதவு போடப்போவதாக ரயில்வே அறிவித்தது. நம்ம மெமு மின்சாரப் பாசஞ்சருக்கும் ஒருநாள் வரும். சித்திரை வெயிலில், நிற்க இடமில்லாத பெட்டியில், கதவையும் மூடிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவது? வாசலில் நிற்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வது எளிது, உள்ளே காற்று இல்லாததால் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள், பெண்கள் பெட்டியில் வந்து பாருங்கள்.


கோட்டாறு சிக்னல் பெரியவர்:

நியாயமான கேள்வி அம்மா. மும்பையில் அதே காரணத்தால்தான் முன்பு தயங்கினார்கள். அங்கே ஏசி லோக்கல் 2017 கிறிஸ்துமஸ் அன்றைக்கே வந்துவிட்டது, அதில் கதவு தானியங்கி, காற்றுப் பிரச்சினை இல்லை. ஏசி இல்லாத பெட்டிக்கு இப்போது சொல்லியிருப்பது, கதவிலேயே சாய்வான இடைவெளிப் பலகைகள், கூரையில் காற்றை உள்ளே தள்ளும் கருவிகள், ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்து போகும் வழி, இந்த மூன்றும். கடைசியாகச் சொன்னது முக்கியம், கூட்டம் தானாகப் பரவும். காற்று போதுமா என்பதை மும்பைக்காரர்கள் நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை பிளாட்பாரம். உயர் மட்டப் பிளாட்பாரம் என்றால் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். மும்பையில் இடைவெளியில் ஆள் சிக்கிய விபத்துக்குப் பிறகு அதையும் 900-க்கு உயர்த்தினார்கள். பிளாட்பாரம் தாழ்ந்திருக்கும் சிறிய ஹால்ட் நிலையங்களில் இறங்குகிறவர் கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, தரையைத் துழாவி இறங்குகிறார். அந்த வாசலில் கதவு எப்போது மூடுவது என்று எந்தக் கணினி முடிவு செய்யும்? ஒரு பாட்டி இறங்க முக்கால் நிமிஷம் ஆகும். முதலில் பிளாட்பாரத்தை உயர்த்தட்டும், நீளத்தைக் கூட்டட்டும், அப்புறம் கதவு.


ஆரல்வாய்க் காற்று:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி. பிளாட்பாரம் எல்லாம் உயர்ந்து முடியும்வரை பொறுத்தால் என் பேரன் வந்து இந்த இழையில் பதில் எழுதுவான். கதவு இல்லாததால் விழுந்து சாகிறார்கள் என்பது இன்றைக்கு நடப்பது. இரண்டு நிமிஷம் தாமதமாகிறது என்றால் ஆகட்டும்.


மேரிலாண்ட் மணவாளக்குறிச்சி:

கதவு இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் மெட்ரோ ஸ்டேஷனில் ஒரு பெண்ணின் சேலை கதவில் மாட்டி, வண்டி இழுத்துக்கொண்டு போய், இறந்துவிட்டார். தக்கலை அண்ணே, தடுப்பது இருந்தால் கதவுக்குத் தெரியும் என்றீர்கள், சேலை ஏன் தெரியவில்லை?


கதவுக்காரன் தக்கலை:

துணி மெல்லியது. கை, தோள், பெட்டி என்றால் ரப்பர் அமுங்காது, கதவு அறியும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பையின் வாரும் இரண்டு ரப்பருக்கு நடுவில் மடிந்து உட்கார்ந்துவிடும், கதவு முழுசாக மூடிப் பூட்டும், சுவிட்ச் "சரி" என்றுதான் சொல்லும். எந்தத் தடையை உணரவேண்டும் என்பதற்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை ரொம்பக் குறைத்தால் ரப்பரில் பட்ட தூசிக்கெல்லாம் கதவு திறக்கும், கணியாகுளம் அண்ணன் இன்னும் பிந்துவார். ரொம்பக் கூட்டினால் துணி மாட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் பிழைக்கிறோம்.

கண்ணாடிச் சுவர் இருந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும், ஆள் தண்டவாளத்துக்கு விழ முடியாது. சென்னை மெட்ரோவின் சுரங்க ஸ்டேஷன்களில் 2017 முதல் பார்த்திருப்பீர்கள். யோசனை புதுசும் இல்லை. ரஷ்யாவின் லெனின்கிராட்டில் 1961-லேயே சுவர் வைத்துக் கதவு போட்ட ஸ்டேஷன் திறந்தார்கள், வண்டி சரியான இடத்தில் நின்றாக வேண்டும் என்ற இதே தொல்லை அங்கேயும்தான். சிங்கப்பூரில் 1987-இல் சுரங்க ஸ்டேஷன்களுக்குப் போட்டார்கள்.

நம்ம பெரிய ரயிலுக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் ஒரே பிளாட்பாரத்துக்கு மெமு வரும், எக்ஸ்பிரஸ் வரும், ஒவ்வொன்றிலும் கதவு ஒவ்வொரு இடத்தில் இருக்கும். டோக்கியோவின் அசகுசா பாதையில் இதற்கு ஒரு சூட்சுமம் செய்தார்கள், ரயில் கதவுகளில் கியூஆர் கோடு ஒட்டி, பிளாட்பாரத்துக் கேமரா அதைப் படித்து, வந்திருப்பது எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை கதவு என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற கதவை மட்டும் திறக்கும். ஒரு ஸ்டிக்கரில் வேலை முடிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி அது.


ஈத்தாமொழி தேங்காய்:

இங்கே அந்த ஸ்டிக்கர் மேல் மறுநாளே "வாடகைக்கு வீடு, வடசேரி" என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்.


கணியாகுளத்தான்:

எல்லோருக்கும் நன்றி, கேட்டது ஒன்று, கிடைத்தது ஒரு பாடப்புத்தகம். இங்கே நிலவரம் சொல்கிறேன். பெரியவர் சொன்ன மாதிரியே இரண்டு சுவர்க் கதவைப் பூட்டி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். காலையில் பிளாட்பாரத்தில் இரண்டு ஊழியர்கள் நின்று, இறங்குகிறவருக்கு வழிவிடச் சொல்கிறார்கள், மூடும் சத்தம் வந்ததும் கையை நீட்டித் தடுக்கிறார்கள். நிற்கும் நேரம் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஊர்ந்து சரிசெய்வது மட்டும் இன்னும் இருக்கிறது.

கவனித்ததில் ஒன்று. கூட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். போட்டோ எடுக்கிறார்கள், கதவில் சாய்ந்து நிற்கிறார்கள், இது எந்தப் பக்கம் போகும் வண்டி என்று வாசலில் நின்று கேட்கிறார்கள்.


கோட்டாறு சிக்னல் பெரியவர்:

அது எங்கேயும் உள்ளதுதான். 2002 டிசம்பரில் டெல்லி மெட்ரோ ஜனங்களுக்குத் திறந்த முதல் நாளில் சுமார் பத்து லட்சம் பேர் வந்து குவிந்தார்கள் என்று அப்போது செய்தி. நம்ம பாதையே 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வந்தபோது ரயிலைப் பார்க்க வந்தவர்களும் ஏற வந்தவர்களும் எது யார் என்று பிரிக்க முடியாது, நான் அப்போது பள்ளிப் பையன், பார்க்கப் போன கூட்டத்தில் ஒருவன். துபாயில் 2009-இல் மெட்ரோ திறந்தபோது முதல் பாதையின் 29 ஸ்டேஷனில் 10-ஐ மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், புதுசைப் பழக்கிக்கொள்ள அது நல்ல வழி. ஒரு ஸ்டேஷனின் கதவு சுவிட்சும், பிரேக் கணக்கும், அங்கே ஏறுகிற ஜனங்களும் ஒன்றுக்கொன்று பழகக் கொஞ்ச மாதம் ஆகும். அதுவரை சூப்பர்வைசரிடம் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டதாகச் சொல்லுங்கள், கிளம்பவும் செய்யுங்கள்.


ஈத்தாமொழி தேங்காய்:

என் கேள்வி ஒன்று பாக்கி. அம்மா அடுத்த வாரம் எழும்பூரிலிருந்து வந்தே பாரத்தில் வருகிறாள், தனியாக. முட்டுவலி. கூட ஒரு சாக்குப்பை கண்டிப்பாக இருக்கும், என்ன சொன்னாலும் கேட்க மாட்டாள். நாகர்கோவில் கடைசி ஸ்டேஷன், இறங்குவதில் பயமில்லை. ஏறுவதுதான்.


சீசன் டிக்கெட் குழித்துறை:

எழும்பூர் புறப்படும் இடம், கதவு முன்னாலேயே திறந்திருக்கும், அவசரப்பட வேண்டாம். விடிய 5 மணி வண்டி, அரை மணி முன்னால் போகச் சொல்லுங்கள். பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையில் போடுவார்கள், அதற்கு நேராக நிற்கட்டும். ஏற்றிவிட வருகிறவர் சாக்கை வாசலுக்குள் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், மேலே தூக்கி வைக்கும் வேலையை உள்ளே இருக்கிற யாராவது செய்து கொடுப்பார்கள். அம்மாவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். பாத்ரூம் போனால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது வாசல் பக்கம் நிற்க வேண்டாம், பின்னால் இறங்குகிறவர்கள் தள்ளுவார்கள்.


ஈத்தாமொழி தேங்காய்:

கொள்ளாம் அக்கா, அப்படியே அனுப்பிவிட்டேன். சாக்கில் என்ன என்று கேட்டேன், தம்பி வீட்டு மரத்துப் பலாப்பழமாம். குமரி மாவட்டத்துக்குச் சென்னையிலிருந்து பலாப்பழம்.


ஆரல்வாய்க் காற்று:

அது வாசலில் மாட்டினால் கதவு நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடும், கவலைப்படாதீர்கள்.